ஹாஜிரா டீச்சரும் இரண்டு பிரிஞ்சி மரங்களும்

காலை ஆறரை மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொல்லும் நேரமில்லை அது. அந்த நேரத்தில் அது பேசினால் என்ன சேதி என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தோம். "ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஹாஜிரா பேகம் அவர்கள் வஃபாத் ஆகிவிட்டார்கள். இன்று அசர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்." இரண்டு முறை சொன்னார்கள். இரண்டாவது முறை சொல்லும்போது என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. என் கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். முந்தின நாள் மாலைதான் மருத்துவமனையில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் வரும்போது மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அதைத் துடைத்துப் பைக்குள் வைத்திருந்தேன்.

எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்கள் சேர்ந்து நினைவுக் கூட்டம் நடத்துகிறார்கள். அதற்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம். "நீங்கதானே தமிழ் டீச்சர், பக்கத்து வீடு வேற, நல்லா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குக் குறைவே இல்லை. ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றிய ஒரு விஷயத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவருக்கு நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்டேன், ஒரு முறை இல்லை, மூன்று முறை. மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாஜிரா டீச்சர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் பள்ளியில் சேர்ந்தபோதே அவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். உயரமானவர். வெள்ளைப் புடவைதான் எப்போதும். மகள் ரெஹானா கைக்குழந்தையாக இருந்தபோதே கணவரை இழந்தவர். வீட்டில் உருது, வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எங்கள் வீட்டுப் பின்சுவரும் அவர் வீட்டுப் பின்சுவரும் ஒன்றே. சுவருக்கு இந்தப் பக்கம் என் கணவரின் சாயப்பட்டறை. அந்தப் பக்கம் அவருடைய தோட்டம்.

தோட்டம் என்றால் வேறு ஒன்றுமில்லை, இரண்டு பிரிஞ்சி மரங்கள். பள்ளியிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது நாங்கள் எல்லோரும் தைலமும் வர்க்கியும் வாங்கினோம். டீச்சர் ஒரு நாற்றுப் பண்ணைக்குள் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வரும்போது இரண்டு கையிலும் ஒவ்வொரு செடி. திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டையும் மடியிலேயே வைத்திருந்தார். "ஊட்டிச் செடிய காஞ்சிபுரம் வெயில்ல வெக்கப் போறீங்களா? நாலு நாள் தாங்குமா?" என்று நான் கிண்டல் செய்தேன். எனக்கு வாய் நீளம், எல்லோருக்கும் தெரியும்.

"நானே தாங்கிக்கினு இருக்கிறேன், அது தாங்காதா? பேசாம வாம்மா" என்றார்.

தாங்கத்தான் செய்தது, ஆனால் சும்மா தாங்கவில்லை. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும் என்று முதல் கோடையிலேயே கண்டுபிடித்தார். அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரிய பீப்பாய்களில் பிடித்து மூடி வைப்பார். செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து, அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் வைத்தார். காலை வெயில் படும், மத்தியான வெயில் படாது, அப்படி ஓர் இடம். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விடுவார். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர். இல்லாவிட்டால் அன்றைக்குக் கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்வார். மூன்று வருஷத்தில் இரண்டும் என் உயரம் வந்தன; ஐந்தாவது வருஷம் என் தலைக்கு மேல் ஒரு முழம் போயின.

இலைகளைப் பறித்துப் பழைய விடைத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கணக்குப் புத்தகங்களை அடுக்கி நிழலில் உலர்த்துவார். முறுக்கிக்கொள்ளாமல் தகடு மாதிரி காயும். கடையில் வாங்கிய இலையையும் தன் மரத்து இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாள் எனக்குக் காட்டினார். கடை இலையில் நீளவாட்டில் மூன்று நரம்புகள். அவர் இலையில் நடுவே ஒன்றுதான். "ரெண்டும் வேற ஜாதி மரம். இனிமே யாராவது ஏமாத்த வந்தா நரம்ப எண்ணு" என்றார். எங்கள் வீட்டில் சைவம். அதனால் பெருநாள்களில் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வராது. பிரிஞ்சி சாதம் செய்துகொள்ளச் சொல்லி இலை வரும். எத்தனை இலை என்பதையும் அவரே சொல்லி அனுப்புவார். நான் ஒன்று கூடப் போட்டால் மறுநாள் பள்ளியில் எப்படியோ தெரிந்துவிடும்.

இனி அந்தக் கோடை விடுமுறைக்கு வருகிறேன். ரெஹானாவுக்குத் தலைப்பிரசவம். வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் டீச்சர்தான் அங்கே போக வேண்டியதாயிற்று. நாற்பது நாள். கொல்லைக் கதவின் சாவியை என் கையில் வைத்து, "தண்ணி மட்டும் ஊத்து கோமளா. வேற ஒண்ணும் செய்யாத. பாசமா இருக்கிறேன்னு எதையாவது செஞ்சு வெக்காத" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள். அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. வரதருக்குக் கருட சேவை முடிந்து ஊரே களைத்துக் கிடந்தது. மரங்கள் இரண்டும் எனக்கு வாடினாற்போலத் தெரிந்தன. எங்கள் பட்டறையில் அன்றைக்குப் பட்டு வேகவைத்திருந்தார்கள். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதன் மேலுள்ள பசையைப் போக்குவார்கள். அந்தத் தண்ணீர் ஆறியதும் எங்கள் வீட்டுத் தென்னைக்கு ஊற்றுவது வழக்கம். பட்டின் சத்தெல்லாம் அதில் இறங்கியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் பேச்சு. தென்னையும் குலை குலையாகக் காய்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாளி நிறைய எடுத்துக்கொண்டு போய், இடப்பக்கத்து மரத்துக்கு முழுசாக ஊற்றினேன். இன்னொரு வாளி எடுக்கத் திரும்பியபோது வீட்டில் விருந்தாள் வந்துவிட்டார்கள். வலப்பக்கத்து மரம் தப்பியது அதனால்தான், என் புத்தியால் இல்லை.

ஊற்றிய நாலாம் நாள் இலை ஓரம் பழுப்பானது. பத்தாம் நாள் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் நடந்தாலே இலை உதிர்ந்தது. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பயந்துபோய் மழைத் தண்ணீர் ஒரு பீப்பாய் முழுவதையும் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு மூடினேன். அந்த மட்டுக்கும் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறேன்.

டீச்சர் வந்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு ஒரு டப்பா இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். மரத்தைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்தார்.

"வெயில் டீச்சர். இந்த வருஷம் ரொம்ப ஓவர்" என்றேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நான் போயிருக்கக் கூடாது. மே மாசத்துல இதுங்கள விட்டுட்டுப் போனது என் தப்பு" என்றார்.

அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர் அந்த மரத்தை விடவில்லை. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் கட்டை விரல் நகத்தால் அதன் பட்டையைக் கொஞ்சம் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அடியிலிருந்து தளிர் வரும் என்று காத்திருந்தார். எட்டு மாதம். நான் துணி உலர்த்திக்கொண்டே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பச்சை இருக்குதா டீச்சர்?" என்று கேட்கவும் கேட்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ரெஹானா மறுபடி உண்டானாள். முதல் பிரசவம் சிக்கலாக இருந்ததால் அதே மருத்துவரிடம்தான் என்று முடிவாயிற்று. அம்மா வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். டீச்சர் வர முடியாது என்றுவிட்டார். ஒருநாள் ரெஹானா என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதாள். "ஆன்ட்டி, ஒரு செடிக்காக வரமாட்டேங்குறாங்க. போன தடவை வந்ததாலதான் அந்த மரம் செத்துதாம். என்னைவிட அது பெரிசாப் போச்சா? நீங்க சொன்னா கேப்பாங்க, சொல்லுங்க ஆன்ட்டி."

என்னிடம் சொல்கிறாள்! யாரிடம் போய் என்ன கேட்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க வாணியம்பாடிக்குக் கிளம்புங்க. அந்த மரம் வெயில்ல போகல."

"பின்ன?"

"நான்தான். பட்டு வேகவெச்ச தண்ணிய ஊத்திட்டேன்."

கத்தியைத் தட்டில் வைத்தார். "சோடா போட்ட தண்ணியா?"

"ஆமா."

"வெயில்னு சொன்னியே?"

அவர் எழுந்து நின்றார். அவ்வளவு உயரமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மரம் போனா போவுது கோமளா. எட்டு மாசம் நகத்தால கீறிக் கீறிப் பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு வருஷமா என்னை நானே திட்டிக்கினு இருக்கிறேன். பெத்த பொண்ணுகிட்ட வரலேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கிறேன். இதெல்லாம் சுவத்துக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கினே இருந்தியா நீ?"

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"எழுந்து போ."

நான் உட்காரவே இல்லை. அதைச் சொல்லவும் தோன்றவில்லை. போனேன்.

மறுநாளே அவர் வாணியம்பாடிக்குப் புறப்பட்டார். சாவியைத் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? அந்த மனிதர் ஒரு வாரம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒரு கல்யாண வேலையில் மூன்று நாள் மறந்துவிட்டார். சுவர் மேல் எட்டிப் பார்த்தால் மிச்சமிருந்த மரம் இலையைத் தொங்கப் போட்டிருந்தது. எங்கள் பக்கம் குழாயும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. என் கை போகவில்லை. நேரே கடைக்குப் போய், அரிசி வாங்க வந்தவர்கள் முன்னிலையில் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "அம்மா, இதோ போறேன், இதோ போறேன்" என்று கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடினார்.

டீச்சர் திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் எதிரெதிர் நாற்காலி. அவர் விடைத்தாள் திருத்துவார். நான் அவர் சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு இந்த மலரைப் படிக்கும்வரை உங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பேசினார். நாலாம் மாதம் பள்ளிக்குள் நுழையும்போது, "இன்னிக்கு எத்தினி பேரு ஆப்சென்ட்?" என்று கேட்டார். அவ்வளவுதான். பேச்சு வந்தது, சிரிப்பு வர இன்னும் நாளாயிற்று. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"கோமளா! பழைய துணி ஏதாவது இருந்தா எடுத்துக்கினு வா!"

ஓடினேன். மரத்தில் செதில் பூச்சி. இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது, எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, கரி பூசினாற்போலக் கறுப்பு. டீச்சருக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பூச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கையில் துணியோடு மரத்திலிருந்து இரண்டடி தள்ளியே நின்றேன்.

"இன்னாமா அங்கேயே நிக்கிற? கடிக்காது, வா" என்றார்.

துடைத்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. தினமும் மாலையில் அவர் தொழுது முடித்து வந்ததும் ஆரம்பிப்போம். அவர் கிளையை வளைத்துப் பிடிப்பார். நான் சோப்பு நீரில் நனைத்த துணியால் ஓர் இலையின் இரண்டு பக்கமும் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைப்பேன். ஓர் இலை பாக்கி இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இலையைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், அன்னிக்கு நான் செஞ்சதுக்கு என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் பாரு. நரம்போரமாத்தான் ஒளிஞ்சிக்கினு இருக்குது" என்றார்.

அது பதில் இல்லையே என்று எனக்கு ஆற்றாமை. சொல்லிவிட்டால்தான் என்ன? ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக நான் வருஷக்கணக்காக ஏங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று, பேரன் பிறந்தான், நானும் ஓய்வு பெற்றேன். ஆனாலும் சாயங்காலம் அந்தத் தோட்டத்தில் அவரோடு உட்கார்ந்திருக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு மூலையில் காத்துக்கொண்டேதான் இருந்தேன். அவரோ கவாத்துக் கத்தரியை என் கையில் கொடுத்து எந்தக் கிளையை வெட்டலாம் என்று கேட்பார். நான் தப்பாகச் சொன்னால் திட்டுவார்.

இறப்பதற்கு முந்தின நாள் மாலை மருத்துவமனையில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் மூன்றாம் முறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். டீச்சர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று நிஜமாகவே தெரியாதவர் போல முகத்தைச் சுருக்கினார். "எதுக்கும்மா?" என்றார். பிறகுதான் கண்ணாடி கேட்டார். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தேன், கடைசிவரை சொல்ல மாட்டேனென்கிறாரே என்று.

ஒலிபெருக்கி சேதி சொன்ன அன்றைக்கு மத்தியானத்துக்குள் ரெஹானா வந்து சேர்ந்தாள். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கூடத்தில் கிடத்தினார்கள். அறை நிறையப் பெண்கள். பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மய்யித் என்று சொல்லும் உடலைத் தூக்குவதற்கு முன் வீட்டார் ஒரு காரியம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இறந்தவர் யாருக்காவது தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னித்து அனுப்பும்படி, கூடியிருப்பவர்களிடம் அவர் சார்பில் கேட்பார்களாம். வாசலில் ஆண்களிடம் மருமகன் கேட்டார். உள்ளே பெண்களிடம் ரெஹானா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கோமளா ஆன்ட்டி, அம்மா உங்ககிட்ட எப்பவாவது கடுமையாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க."

அவரை நான் மன்னிப்பதா? எதற்கு? அந்தப் பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடினேன். 'எழுந்து போ' என்றாரே, அதையா? மூன்று மாதம் பேசாமல் இருந்தாரே, அதையா? கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தாரே, அதையா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் வருத்தம் என்று ஒன்றும் மிச்சமில்லை. எப்போது கரைந்தது என்றும் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து மன்னிப்பை எப்படி எடுத்துக் கொடுப்பது?

அப்போதுதான் எனக்கு முந்தின நாள் மாலை அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது புரிந்தது. ஐயோ! டீச்சர் எனக்குத் தர மறுக்கவில்லை. தேடிப் பார்த்திருக்கிறார். மன்னிக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"என்ன ஆன்ட்டி?" என்று ரெஹானா கலங்கினாள். "எதுக்கும்மா?" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். ஆண்கள் உள்ளே வந்து அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். தெருமுனை திரும்பும்வரை அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். அத்தனை பேர் தோள் கொடுக்க வந்திருந்தார்கள்.

போய் வாருங்கள் டீச்சர். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே காத்திருந்தேன், பைத்தியம் மாதிரி. இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்தால் அந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டேன். நீங்கள் கிளையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் துடைக்கிறேன்.